ஒரு சொம்பு புளியங்கொட்டை: மழை நாளில் பிள்ளைகளோடு வீட்டுக்குள் விளையாட

ஐப்பசி, கார்த்திகை வந்தால் சென்னையில் பள்ளி விடுமுறை அறிவிப்பு விடியற்காலையிலேயே வந்துவிடும். எட்டு மணிக்குள் பிள்ளைகள் கைபேசியைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். சென்ற மழைக்காலத்தில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்க, மூன்று நாள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தோம். இரண்டாம் நாள் காலையில் என் அம்மா ஒரு சொம்பு நிறையப் புளியங்கொட்டையைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினார். ஐந்து வயது மகள் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் திரைமுன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நம்மில் பலருக்கு இது தெரியும். கைபேசியை வாங்கி வைத்துவிட்டு அந்தக் கையில் எதைக் கொடுப்பது என்பதுதான் தெரிவதில்லை. பத்து வகைப் பொம்மைகள் வேண்டாம். ஒரே பொருளை வைத்து அரை நாள் ஓட்டலாம். முதல் கால் மணி நேரம் மட்டும் நீங்களும் தரையில் உட்கார வேண்டும். அதை விட்டுவிட்டால் எதுவும் நடக்காது.

முதலில் ஓர் எச்சரிக்கை. நான்கு வயது நிறையாத குழந்தையிடம் கொட்டையைக் கொடுக்காதீர்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் குச்சியோ ஊக்கோ விட்டு நோண்டாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் சின்னக் குழந்தையும் இருந்தால் அதற்கு அடுக்களையிலிருந்து நான்கு எவர்சில்வர் கிண்ணங்களும் ஒரு மரக்கரண்டியும் போதும். பெரியவளைக் கட்டில்மேல் உட்காரவைத்து விளையாடவிடுங்கள்.

கொட்டையைத் தயார் செய்தல்

கொட்டை எடுக்காத புளி வாங்கினால், அதை ஆய்வதே முதல் விளையாட்டு. எடுத்த கொட்டையைத் தண்ணீரில் அலசி, துணியில் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். ஒட்டிய புளி போனதும் கரும்பழுப்பு நிறத்தில் பளபளக்கும். எழுபது கொட்டை வேண்டும். பிள்ளையையே பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லுங்கள்.

ஊதி எடுத்தல்

கொட்டைகளைக் குவியலாக வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். சிதறி விழுந்தவற்றை, மற்றது அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வேறொரு கொட்டை அசைந்தால் ஆட்டம் அடுத்தவருக்கு. விதி இவ்வளவுதான். சளி பிடித்த பிள்ளைக்கு இது வேண்டாம். கைக்குள் சிலவற்றை மறைத்து ‘ஒற்றையா, இரட்டையா’ கேளுங்கள்.

கொட்டையை உரைத்துத் தாயம் செய்தல்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நான்கு பெரிய கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான சிமென்டுத் தரையில் தேய்க்க வேண்டும். டைல்ஸ் தரையில் தேயாது. உப்புத்தாளை மனைப்பலகையில் ஒட்டிக் கொடுங்கள். முதலில் பழுப்புத் தோல் பொடியாக உதிரும். விரல் நுனியில் சூடு தெரியும். பிறகு நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை எட்டிப் பார்க்கும். தேய்க்கத் தேய்க்க அது பிறையாகி, முழு நிலவாகும். என் மகள் ஒவ்வொரு நான்கு தேய்ப்புக்கும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். அவசரப்படுத்தாதீர்கள், நீங்களே தேய்த்தும் கொடுத்துவிடாதீர்கள். அவள் கையால் வெளுத்த கொட்டையை அவள் தொலைக்க மாட்டாள்.

நான்கையும் குலுக்கிப் போட்டால் எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அத்தனை எண். நான்கும் கறுப்பாக விழுந்தால் எட்டு. முழுத் தாயக்கட்டம் சின்னவர்களுக்குக் கடினம். சாக்குக்கட்டியால் வரிசையாக இருபது கட்டம் போட்டு, யார் முதலில் கடைசிக் கட்டத்தை அடைகிறார் என்று ஆடுங்கள்.

முட்டைத் தட்டில் பல்லாங்குழி

மரப் பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் இருக்கும். முப்பது முட்டை பிடிக்கும் காகித அட்டைத் தட்டில் நீள வரிசைக்கு ஆறுதான் வரும். இரண்டு வரிசைகளைச் சேர்த்து வெட்டி, மிச்சத்திலிருந்து இரண்டு குழிகளை நறுக்கி ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். முட்டை உடைந்த கறை உள்ள தட்டு வேண்டாம்.

குழிக்கு ஐந்து கொட்டை. தன் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியை அள்ளி, வலப்பக்கமாக அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். தன் வரிசை முடிந்தால் எதிராளியின் வரிசை வழியாகச் சுற்றி வர வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அந்த அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு ஆட்டம் கைமாறும். இரண்டு குழிகள் தொடர்ந்து காலியென்றால் ஒன்றும் கிடைக்காது.

ஊருக்கு ஊர் விதி மாறும். ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று சொல்லி அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. முதல் நாளே அதைச் சொல்லாதீர்கள், குழம்பிவிடுவார்கள். போடும்போது ஒரு குழியைத் தவறவிட்டால் திட்டாமல் பின்னால் போய் எண்ணச் சொல்லுங்கள்.

எடுத்து வைத்தல்

முடிந்ததும் எண்ணிப் போட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் நாள் எங்களுக்கு ஒன்று குறைந்தது. பாயை உதறி, சோபாவை நகர்த்திப் பார்த்தோம். கடைசியில் அது மகளின் பாவாடை மடிப்பில் இருந்தது. எழுபதும் சரியாக இருந்தால் டப்பாவை இறுக மூடி, சின்னவர் கைக்கு எட்டாத மேல்தட்டில் வையுங்கள்.