க்யூஜிஐஎஸ்ஸில் வளைந்த படிக்கட்டு வரைய ஒரு சின்ன மேக்ரோ

நேரான படிக்கட்டை வரைபடத்தில் யாரும் வரைந்துவிடலாம். இணையாகச் சில கோடுகள், ஒரு அம்புக்குறி, வேலை முடிந்தது. வளைந்த படிக்கட்டைக் கையால் வரைந்தால்தான் எங்காவது ஒரு படி கோணிக்கொண்டு நிற்கும். அதை இழுத்துச் சரிசெய்தால் பக்கத்துப் படி கோணும். இந்த வேலையைக் கணக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

தைப்பூசக் காவடிக்காக எங்கள் கோயில் வளாகத்துக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. தண்ணீர் எங்கே, முதலுதவி எங்கே, எந்தப் படியில் ஏறி எந்தப் படியில் இறங்குவது என்று காட்ட வேண்டும். மொரீஷியஸில் அன்றைக்கு அரசு விடுமுறை என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. படிக்கட்டின் அகலமும் திருப்பமும் உத்தேசமாக இருந்தால் போதாது.

மென்பொருள்: க்யூஜிஐஎஸ், நில வரைபடம் தயாரிக்கும் மென்பொருள். மேக்ரோ என்று நான் சொல்வது அதற்குள் ஓடும் சின்ன நிரலை. படம் வரையும் மென்பொருள்களில் இதைவிட அழகாக வரும்தான். ஆனால் ஓர் அளவு மாறினால் அங்கே முதலிலிருந்து வரைய வேண்டும். இங்கே ஒரு எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினால் போதும். நிறுவுவது, அடுக்கு சேர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. திட்டப் பண்புகளில் 'மேக்ரோஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். அது திட்டத்தைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் மூடும்போதும் தானாக ஓடும் நிரலுக்கானது. நமக்கு அது வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பைதான் கன்சோல், அதாவது பைதான் மொழியில் நிரல் எழுதி ஓட்டும் சாளரம், திறக்கும். அதிலேயே எடிட்டரும் உண்டு. நம் மேக்ரோ அங்கேதான்.

முதலில் அளவு

வளைவின் மையம் பெரும்பாலும் சுவருக்குள்ளோ பூச்செடிக்குள்ளோ இருக்கும். போய் நிற்க முடியாது. போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், நான்கு மீட்டர் ஆரத்துக்கு அது எதற்கும் உதவாது. அளவு நாடாவே போதும். வெளிச்சுவரில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நாடாவை நேராக இழுங்கள். அது நாண். நாணின் நடுவிலிருந்து சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறதென்று அளங்கள். அது உயரம்.

ஆரம் = நாண் × நாண் ÷ (8 × உயரம்) + உயரம் ÷ 2

நாண் 4 மீட்டர், உயரம் 0.5 மீட்டர் என்றால் ஆரம் 4.25 மீட்டர். நாணின் நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாக உள்பக்கம் 3.75 மீட்டரில் மையம். படிக்கட்டின் அகலம் 2 மீட்டர் என்றால் உள் ஆரம் 2.25.

அப்புறம் கோணம். சரியாகக் கட்டிய வட்டப் படியில் ஒவ்வொரு படியின் விளிம்பும் மையத்தை நோக்கித்தான் இருக்கும். அதனால் முதல் படியின் விளிம்போடு திசைகாட்டியை வைத்து, உள்ளிருந்து வெளியே பார்க்கும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படிக்கும் அப்படியே. போனில் 'உண்மை வடக்கு' தேர்வை இயக்கிவிடுங்கள். நம் தீவில் காந்த வடக்கு மேற்கே நன்றாகவே விலகியிருக்கிறது.

நிரல்

பைதான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பிழை வராது. நான் வைத்தவை: மையக்கிழக்கு, மையவடக்கு, உள்ளாரம், வெளியாரம், தொடக்கம், முடிவு, படிகள். கணிதத்துக்கு 'மேத்' நூலகத்தை நிரலுக்குள் இறக்குமதி செய்யுங்கள். பிறகு கோட்டு வகையில் ஒரு தற்காலிக நினைவக அடுக்கு உருவாக்குங்கள்.

அந்த அடுக்கின் ஆயமுறை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) மீட்டரில் இருக்க வேண்டும். யுடிஎம் என்ற மீட்டர் ஆயமுறையில் மொரீஷியஸ் 40 தெற்கு மண்டலத்தில் வருகிறது, எண் 32740. அட்சரேகை, தீர்க்கரேகையில் குறிக்கும் வழக்கமான 4326ஐ விட்டுவைத்தால் எல்லாம் பாகையில் கணக்காகும். வெளியாரம் 4.25 'பாகை' ஆனால் படிக்கட்டு பக்கத்துத் தீவான ரீயூனியனைத் தாண்டிக் கடலில் போய் முடியும். தூரத்தில் கிழக்கே இருக்கும் ரொட்ரிக்ஸ் தீவு மட்டும் அதில் சிக்காமல் தப்பிக்கும்.

இப்போது சுற்று, அதாவது அதே வரிகளை மறுபடி மறுபடி ஓட்டுவது. 'எண்' 0இல் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடும்:

கோணம் = தொடக்கம் + எண் × (முடிவு − தொடக்கம்) ÷ படிகள்

12 படிக்கு 13 கோடுகள். சுற்று எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டாவிட்டால் கடைசிப் படியின் விளிம்பு வராது.

அடுத்த இரண்டு வரிகள்தான் எல்லோரையும் கவிழ்ப்பவை, அதனால் மெதுவாகப் போவோம். பள்ளியில் படித்த கோணம் கிழக்கில் தொடங்கி இடஞ்சுழியாகப் போகும். திசைகாட்டியின் கோணம் வடக்கில் தொடங்கி வலஞ்சுழியாகப் போகும். அதனால் பழகிய சூத்திரத்தில் சைனும் கோசைனும் இடம் மாற வேண்டும்:

கிழக்கு = மையக்கிழக்கு + ஆரம் × சைன்(கோணம்)
வடக்கு = மையவடக்கு + ஆரம் × கோசைன்(கோணம்)

மாற்றாமல் விட்டாலும் படிக்கட்டு வரும். ஆரம் சரி, அகலம் சரி, படி எண்ணிக்கை சரி. ஆனால் கண்ணாடியில் பார்த்ததுபோல எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். வெள்ளைத் திரையில் பார்த்தால் தெரியவே தெரியாது; செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால்தான் தெரியும். சோதிக்க எளிய வழி: கோணத்துக்கு 0 கொடுங்கள். கோடு மையத்துக்கு நேர் வடக்கே விழ வேண்டும். கிழக்கே விழுந்தால் இரண்டும் இடம் மாறவில்லை.

இன்னொன்று, சைனுக்குள் கோணத்தைப் பாகையாகக் கொடுக்கக் கூடாது. 'ரேடியன்ஸ்' என்ற செயற்கூறால் மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மறந்தால் கோடுகள் வரிசையில்லாமல் வட்டம் முழுக்கச் சிதறும்.

ஒவ்வொரு சுற்றிலும் உள்ளாரத்துக்கு ஒரு புள்ளி, வெளியாரத்துக்கு ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் ஒரு படிக்கோடு. உள் புள்ளிகளையும் வெளிப் புள்ளிகளையும் தனித்தனிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒவ்வொரு பட்டியலும் ஒரு பக்கச் சுவர். வில் வரையும் கருவி எதுவும் வேண்டாம். 90 பாகையை 12ஆகப் பிரித்தால் ஒரு படிக்கு 7.5 பாகை; அந்த இடைவெளியில் நேர்கோட்டுக்கும் உண்மையான வில்லுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

ஓட்டியபின் அடுக்கை உடனே ஜியோபேக்கேஜ் கோப்பாகச் சேமியுங்கள். நினைவக அடுக்கு மென்பொருளை மூடினால் போய்விடும்.

அச்சிடும்போது

இந்த அளவுகளில் நடுவழியே நடப்பவருக்குப் படியின் ஆழம் சுமார் 42 சென்டிமீட்டர். 1:200 அளவையில் தாளில் அது 2 மில்லிமீட்டர், தெளிவாகத் தெரியும். 1:1000இல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்பக்கக் கோடுகள் ஒட்டி வெறும் கறுப்புப் பட்டையாகிவிடும். அப்போது 'படிகள்' எண்ணைப் பாதியாக்கி ஓட்டுங்கள். எல்லாப் படியையும் எண்ணி வரைய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. நடந்து வருபவருக்கு வேண்டியது படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மட்டுமே. அம்புக்குறி எப்போதும் மேலேறும் திசையில்.

பின்சேர்க்கை 1: தொடக்கம் 330, முடிவு 45 கொடுத்தால் படிக்கட்டு எதிர்த்திசையில் 285 பாகை சுற்றுவதாக ஒருவர் எழுதியிருந்தார். வடக்கைத் தாண்டிப் போகும் வளைவு அது. முடிவு தொடக்கத்தைவிடச் சிறியதானால் 360ஐக் கூட்டும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 405 கழித்தல் 330, சரியாக 75. இது வலஞ்சுழியாக ஏறும் படிக்கு. இடஞ்சுழியாக ஏறினால் கீழ்ப்படியையும் மேற்படியையும் மாற்றிக் கொடுத்து, அம்பை மட்டும் திருப்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: மூன்றே படியில் 90 பாகை திரும்பும் வாசல்படிக்குச் சுவர் முறிந்து முறிந்து தெரிகிறதாம். தெரியத்தான் செய்யும், 30 பாகைக்கு வித்தியாசம் 14 சென்டிமீட்டர். சுவர்ப் பட்டியலுக்கு மட்டும் இடையில் கூடுதல் புள்ளிகள் சேருங்கள்.

பின்சேர்க்கை 3: ரீயூனியனிலிருந்து படிப்பவர்களுக்கு ஆயமுறை எண் 2975. பிரெஞ்சுப் பழக்கத்தில் 4,25 என்று காற்புள்ளி போட்டு எழுதாதீர்கள். பைதான் அதை 4, 25 என்று இரண்டு எண்களாக எடுத்துக்கொள்ளும், அந்த வரியில் பிழையும் காட்டாது. பத்து வரி தள்ளி, பெருக்கும் இடத்தில்தான் நிற்கும்.