டொமினிக்காவில் நான்கைந்து நாள்: திட்டமிடும்போதே நடக்கும் தவறுகள்

முதல் தவறு டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. முன்னது குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் உள்ள, ஆங்கிலம் பேசும் சின்னத் தீவு, தலைநகர் ரோஸோ. பின்னது ஹைட்டியை ஒட்டியிருக்கும், ஸ்பானிஷ் பேசும் நாடு. டிக்கெட்டில் விமான நிலையக் குறியீடு ‘டிஓஎம்’ என்று இருக்க வேண்டும். ‘எஸ்டிகியூ’ என்றால் சாண்டோ டொமிங்கோ, ‘பியூஜே’ என்றால் புன்டா கானா; இரண்டும் டொமினிக்கன் குடியரசு. கட்டணம் சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இருந்தால் குறியீட்டை இன்னொரு முறை பாருங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டொமினிக்காவில் சுற்றுலா விசா தேவையில்லை என்று படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். சிக்கல் வழியில்தான். மியாமி வழியாகப் போனால், இரண்டு மணி நேரம் விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும். அங்கே குடியேற்றச் சோதனையைத் தாண்டாமல் அடுத்த விமானத்துக்குப் போக முடியாது. லண்டன், பார்படாஸ், ஆன்டிகுவா என்று மாறிப் போகிறவர்கள் ஒவ்வொரு நாட்டின் விதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். குவாதலூப்பிலிருந்து படகில் போகலாம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது பிரான்ஸின் பகுதிதான், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று விசாவில் குறிப்பு இல்லாவிட்டால் வழக்கமான ஷெங்கன் விசாவை நம்பி அங்கே இறங்க முடியாது.

அடுத்தது வரைபடம் செய்யும் ஏமாற்று. தீவின் நீளம் ஏறத்தாழ 47 கிலோமீட்டர், அகலம் 26. ‘ஒரே நாளில் சுற்றிவிடலாம்’ என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நடுவில் எல்லாமே மலை. சாலை வளைந்து வளைந்து ஏறி இறங்கும். டக்ளஸ்-சார்ல்ஸ் விமான நிலையம் வடகிழக்கில், ரோஸோ தென்மேற்கில். காரிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே கிலோமீட்டரை மறந்துவிட்டு, தீவை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வடக்கே போர்ட்ஸ்மவுத்தில் தங்கினால் இந்தியன் ஆற்றுப் படகுப் பயணமும் (துடுப்புப் படகு மட்டும்தான், மோட்டாருக்கு அனுமதியில்லை) கேப்ரிட்ஸ் கோட்டையும் ஒரு நாளில் முடியும். தெற்கே ரோஸோ பக்கம் தங்கினால் ட்ரஃபால்கர் இரட்டை அருவி, வாட்டன் வேவன் வெந்நீர் ஊற்றுகள், கடலடியிலிருந்து குமிழிகள் கிளம்பும் ஷாம்பெய்ன் ரீஃப் எல்லாம் கையெட்டும் தூரம். எமரால்டு பூல் என்ற அருவிக் குளத்துக்கென்று தனி நாள் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து ரோஸோ போகிற வழியிலேயே பார்த்துவிடலாம்.

மலைக்குள் இருக்கும் ‘பாய்லிங் லேக்’ என்ற கொதிக்கும் ஏரியை ‘காலையில் ஒரு நடை’ என்று அட்டவணையில் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. லோடா கிராமத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, போய்வர ஆறிலிருந்து எட்டு மணி நேரம். பாதையில் சேறு, படி, ஏற்றம். நடுவில் கந்தக ஆவி கிளம்பும் பள்ளத்தாக்கு, அங்கே கால் தவறினால் வெந்நீர். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும்; செருப்பு உதவாது. வந்து சேரும் நாளிலும் கிளம்பும் நாளிலும் வைக்காதீர்கள். மறுநாளும் காலியாக இருந்தால் நல்லது: மழை கொட்டினால் தள்ளிப்போடலாம், கொட்டாவிட்டாலும் முழங்கால் ஓய்வு கேட்கும்.

பிப்ரவரியிலிருந்து மே வரை உலர்பருவம் என்பார்கள். கடற்கரைக்கு அது சரி. மலைக்குள் எந்த மாதத்திலும் மழை உண்டு. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவையே சூறையாடியது. அந்த மாதங்களில் போகிறவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையையே எடுக்க வேண்டும். டிட்டூ கோர்ஜ் என்ற குறுகிய பாறைப் பிளவில் நீந்தப் போகும்போது, இங்கே வெயில் அடிக்கிறதே என்று பார்க்காதீர்கள். மேலே மழை பெய்தால் வெள்ளம் சட்டென்று வரும். தண்ணீர் கலங்கத் தொடங்கியதும் வெளியேறிவிட வேண்டும்.

குளிர்காலத்தில் சொகுசுக் கப்பல்கள் வரும். கப்பல் நிற்கும் நாளில் பத்து மணிக்கு மேல் ட்ரஃபால்கரில் கூட்டம் நெரியும். துறைமுக அட்டவணையைப் பார்த்து, அந்த நாளில் அதிகாலையிலேயே போய்விடுங்கள், இல்லையென்றால் வடக்கே நகர்ந்துவிடுங்கள்.

விலை கேட்கும்போது ‘எந்த டாலர்?’ என்றும் கேளுங்கள். உள்ளூர் நாணயம் கிழக்குக் கரீபியன் டாலர்; ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70. அமெரிக்க நோட்டை வாங்கிக்கொள்வார்கள், மீதி உள்ளூர்ப் பணத்தில்தான் வரும். சில்லறை நோட்டாக வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை மினிபஸ்ஸை நம்ப வேண்டாம், மிகக் குறைவு. கார் வாடகைக்கு எடுத்தால் நம்மூர் போல இடதுபக்கம்தான், ஆனால் தற்காலிக உள்ளூர் உரிமம் வாங்க வேண்டும்.

வெண்மணல் கடற்கரைக்காகப் போகிறவர்கள் ஊரையே தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இங்கே பெரும்பாலும் எரிமலையின் கரும்மணல். அவர்களுக்கு ஆன்டிகுவா பொருந்தும்.

பெட்டி கட்டும்போது ராணுவச் சீருடை போன்ற பச்சைத் திட்டு உடைகளை எடுத்து வெளியே வையுங்கள். குழந்தையின் தொப்பியாக இருந்தாலும் சரி, பொதுமக்கள் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம்.