குளிரைச் சொல்லும் லத்தீன் சொல்லைப் பழகுவது எப்படி?

தில்லியில் பிரெஞ்சோ ஸ்பானியமோ கற்கத் தொடங்கும் தமிழர்கள், ஜனவரிக் குளிரிலேயே இந்தச் சொல்லைப் பழகிக்கொள்வது நல்லது. லத்தீனில் குளிர்ச்சியைக் குறித்த 'ஃப்ரீகிதுஸ்' என்னும் பெயரடையே பிரெஞ்சில் 'ஃப்ருவா', இத்தாலியத்தில் 'ஃப்ரெத்தோ', ஸ்பானியத்தில் 'ஃப்ரீயோ', போர்ச்சுகீசியத்தில் 'ஃப்ரீயு' என்று ஆனது. 'ஃப்ரீகிதா என்று சொல்க, ஃப்ரிக்தா அன்று' எனத் திருத்தும் பழைய லத்தீன் பட்டியல் ஒன்று உண்டு. அது பிழையென்று ஒதுக்கிய அந்தப் பேச்சு வழக்கின் தடமே இத்தாலியச் சொல்லின் இரட்டை மெய்யில் இன்றும் ஒலிக்கிறது.

இச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாமல், ஒரு பெயர்ச்சொல்லோடு சேர்த்தே பழகுங்கள். நம் 'குளிர்ந்த' என்ற சொல் எதன் முன் வந்தாலும் மாறுவதில்லை. அங்கோ பெயர்ச்சொல்லின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். நான்கு மொழிகளிலும் தண்ணீர் பெண்பால் என்பதால், ஸ்பானியத்தில் 'ஆகுவா ஃப்ரீயா' என்றும், பிரெஞ்சில் ஆண்பாலில் ஒலிக்காத கடைசி மெய் ஒலிக்கும்படி 'ஓ ஃப்ருவாத்' என்றும் சொல்ல வேண்டும். ஆறிப்போன காபி, சில்லென்ற மோர், குளிர்காற்று என நாம் பிரித்துச் சொல்பவை அனைத்துக்கும் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லே போதும்.

அதிகம் தடுமாறும் இடம், 'எனக்குக் குளிர்கிறது' என்பதுதான். ஆங்கில வாக்கியத்தை அப்படியே மாற்றி 'ஜ சுய் ஃப்ருவா' என்றால், பிரெஞ்சுக்காரர் உங்களை அன்பற்றவர் என்று எண்ணக்கூடும். 'ஜே ஃப்ருவா', 'ஓ ஃப்ரெத்தோ', 'தெங்கோ ஃப்ரீயோ' என, 'என்னிடம் குளிர் இருக்கிறது' என்னும் பொருளில் சொல்வதே முறை. இங்கே அது பெயர்ச்சொல்லாக நிற்பதால், பெண்கள் பேசும்போதும் 'ஃப்ரீயா' ஆகாது. எனக்கு மிகவும் பிடித்தது ருமேனிய மொழி. அதன் பெயரடை 'ரேச்சே' வேறொரு லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆனால் 'ஃப்ரீகிதுஸ்' பிறந்த அதே வேரின் பெயர்ச்சொல்லைக் கொண்டு அவர்கள் சொல்லும் 'ம்யே ஃப்ரிக்' என்பது நம்மைப் போலவே, இந்தியில் 'முஜே' என்பதைப் போலவே, நான்காம் வேற்றுமையில் அமைந்தது.

குளியலறைக் குழாயிலும் கவனம் தேவை. நம் வீட்டு கீசர் குழாயில் 'சி' என்றால் குளிர்நீர்; இத்தாலியில் அது 'கால்தோ', அதாவது வெந்நீர். பிரான்சிலும் ஸ்பெயினிலும் அப்படியே. குளிர்நீருக்கு 'எஃப்' எழுத்தைத் தேடுங்கள்.