மார்கரிட்டா கிளாஸுக்கு இனிப்பு-உப்பு விளிம்பு: வீட்டிலேயே செய்யலாம்

மார்கரிட்டா என்பது டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவோடு ஆரஞ்சு மதுவும் எலுமிச்சைச் சாறும் கலந்த காக்டெய்ல். அந்தக் கிளாஸின் விளிம்பில் ஒட்டியிருக்கும் உப்பை வெறும் அலங்காரம் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உப்பு நாக்கில் பட்டதும் கசப்பு அடங்கும். கசப்பு அடங்கினால் ஆரஞ்சு மதுவின் இனிப்பு தானாகத் தெரியவரும். கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்தால் எலுமிச்சையின் புளிப்பு பல்லைக் கூசவைக்காது. மெக்சிகோவில் இதோடு மிளகாயும் சேரும். அங்கே தெருவோரக் கடைகளில் மாம்பழத் துண்டுகள்மேல் மிளகாய், எலுமிச்சை, உப்பு கலந்த பொடியைத் தூவித் தருவார்கள். மாங்காய்க் கீற்றை மிளகாய்த்தூள் உப்பில் தொட்டுத் தின்று வளர்ந்த நமக்கு இந்த ருசியை விளக்க வேண்டியதே இல்லை.

கடையில் கிடைக்கும் பொடியிலும் எலுமிச்சை இருக்கும். ஆனால் தோலை அப்போதே துருவிச் சேர்க்கும் வாசனை அதில் வராது. அதற்காகத்தான் வீட்டில் செய்யச் சொல்கிறேன்.

தேவையானவை (எட்டுப் பத்து கிளாஸுக்கு வரும்):
கல் உப்பு – 2 டேபிள்ஸ்பூன்
சர்க்கரை – 2 டேபிள்ஸ்பூன்
எலுமிச்சம்பழம் – 2, தோலுக்கு மட்டும்
காஷ்மீரி மிளகாய்த்தூள் – அரை டீஸ்பூன்
எலுமிச்சை உப்பு – கால் டீஸ்பூன். மளிகைக் கடையில் இந்தப் பெயரில் தருவது சிட்ரிக் அமிலம்தான். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

1. முதல் நாள் இரவே தோலைத் துருவிவிடுங்கள்
பழத்தை வெந்நீரில் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். துருவியின் மிகச் சின்ன ஓட்டைகளில், மேல்தோலை மட்டும் லேசாகத் தேயுங்கள். வெள்ளைப் பகுதி தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிடுங்கள், அது கசக்கும். துருவலைச் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் ஒரு நிமிடம் கசக்குங்கள். தோலில் உள்ள எண்ணெய் சர்க்கரையில் இறங்கி, அது ஈர மணல் மாதிரி ஆகும். வாசனை அந்த அறை முழுக்கப் பரவும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த நிமிடம் இதுதான்.

இதை அகலமான தட்டில் பரப்பி, ஃபேன் காற்றில் இரவு முழுக்க விடுங்கள். அவசரமென்றால் 90 டிகிரி அவனில் 20 நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறிவிடலாம். விரலில் தேய்த்தால் சரசரவென்று உதிர வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பிறகு கட்டி தட்டிவிடும்.

2. உப்பை உடையுங்கள்
தூள் உப்பு வேண்டவே வேண்டாம். அது விளிம்பில் நெருக்கமாக அப்பிக்கொள்ளும். ஒரு மடக்கிலேயே வாய் கரிக்கும். கல் உப்பை வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் வறுத்து, ஆறியதும் சின்ன உரலில் இடியுங்கள். மிக்ஸியானால் விட்டு விட்டு இரண்டு சுற்று போதும். ரவை பருமன் இருந்தால் சரி. டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழும் தூளைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைப் பரல் பெரிதாக இருந்தால் அதையும் லேசாக இடியுங்கள். இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால் சின்னது அடியில் தங்கி, ஒரு கிளாஸ் கரிக்கும், இன்னொன்று தித்திக்கும்.

3. எல்லாவற்றையும் கையால் கலந்து, துளி எடுத்து ருசி பாருங்கள். முதலில் புளிப்பு, அடுத்து உப்பு, கடைசியில் காரம் என்று வரும்.

4. விளிம்பில் ஒட்டுவது
இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. எனக்கும் தவறியது. முதல்முறை கிளாஸைத் தண்ணீரில் கவிழ்த்து, அப்படியே பொடியிலும் கவிழ்த்தேன். உள்பக்கம் ஒட்டியதெல்லாம் பானத்துக்குள் கரைந்து, பாதி குடிப்பதற்குள் கடல் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

பொடியைத் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். எலுமிச்சைத் துண்டை விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும், அரை அங்குலத்துக்குக் குறைவாகத் தடவுங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, தடவிய இடத்தைப் பொடிமேல் உருட்டுங்கள். பாதி வட்டம் போதும். உப்பு வேண்டாதவர்கள் மறுபக்கம் குடிப்பார்கள். அடியில் விரலால் தட்டினால் ஒட்டாதது உதிரும். உள்ளே விழுந்ததைத் துடைத்துவிட்டு, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். கிளாஸ் வேர்த்திருந்தால் பொடி வழிந்துவிடும். அதனால் விளிம்பு காய்ந்த பிறகே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மார்கரிட்டாவுக்கு டெக்கீலா 50 மி.லி., ஆரஞ்சு மது (டிரிப்பிள் செக் போன்ற இனிப்பு மது) 20 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி. ஐஸோடு நன்றாகக் குலுக்கி, விளிம்பில் படாமல் நடுவில் வடித்து ஊற்றுங்கள். மது வேண்டாமென்றால் தர்ப்பூசணிச் சாறுக்கு இதே விளிம்பு அபாரமாகப் பொருந்தும். சர்க்கரையை மட்டும் பாதியாக்குங்கள்.

மிஞ்சிய பொடி காற்றுப் புகாத பாட்டிலில் ஒரு மாதம் தாங்கும். மழைக்காலத்தில் ஒரு சின்னத் துணி முடிச்சில் பச்சரிசி கட்டி உள்ளே போட்டுவையுங்கள். தட்டில் கொட்டி எலுமிச்சை ஈரம் பட்ட பொடியைத் திரும்பப் பாட்டிலில் போடாதீர்கள்.