ஊறல் தொட்டி கன்ட்ரோலரில் கெயின் மாற்றுவது எப்படி? (சீரியல் வழியாக)

டெல்டாவில் புழுங்கல் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. வெந்நீரில் ஊறவைக்கும் ஆலையில் தொட்டித் தண்ணீர் சுமார் 70 டிகிரியில் நிற்க வேண்டும். ரொம்ப ஏறினால் நெல் வாய் பிளந்துவிடும். இறங்கினால் ஊற நேரமாகும். நீராவி வால்வைத் திறந்து மூடும் பிஐடி கன்ட்ரோலரின் (சூட்டை அளந்து தானே திருத்தும் கருவி) கெயின், அதாவது சூட்டு வித்தியாசத்துக்கு அது எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்பது, சரியில்லை என்றால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதை லேப்டாப்பிலிருந்து மோட்பஸ் ஆர்டியு (சீரியல் வயர் வழியாகக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) மூலம் சரிசெய்யலாம். நெல் போடாமல், வெறும் தண்ணீரோடு செய்து பாருங்கள்.

1. யுஎஸ்பி-ஆர்எஸ்485 கன்வெர்டரில் ஏ, பி வயர்களை இணையுங்கள். பதிலே வராவிட்டால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். எல்லாக் கம்பெனியும் ஏ, பி-யை ஒரே மாதிரி குறிப்பதில்லை.

2. பாட் ரேட் (தகவல் போகும் வேகம், பெரும்பாலும் 9600), பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கும் பிட்), முகவரி (கன்ட்ரோலரின் எண்) மூன்றும் கன்ட்ரோலரில் உள்ளபடியே இருக்கட்டும்.

3. முதலில் படியுங்கள், எழுத அவசரம் வேண்டாம். கெயினை இங்கே புரொபோர்ஷனல் பேண்ட் என்ற சதவீதமாகக் கொடுக்கிறோம். நம் கன்ட்ரோலரில் அது இருக்கும் ரெஜிஸ்டர் (மதிப்பை வைத்திருக்கும் இடம்) 5 என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையதை மேனுவலில் பாருங்கள். அதில் 40006 என்று இருந்தால் அனுப்ப வேண்டியது 5தான், ஏனென்றால் 40001-தான் 0.

01 03 00 05 00 01

முகவரி 1, கட்டளை 03 (படி), ரெஜிஸ்டர் 5, எண்ணிக்கை 1. கடைசியில் வரும் சிஆர்சியை (பிழை சரிபார்க்கும் எண்) லேப்டாப்பில் உள்ள மோட்பஸ் மென்பொருளே சேர்த்துக்கொள்ளும். பதிலில் 03-க்குப் பதில் 83 வந்தால் கன்ட்ரோலர் மறுக்கிறது. அதையடுத்து 02 இருந்தால் அப்படி ஒரு ரெஜிஸ்டரே இல்லை. சரியான பதில் வந்தால் பழைய மதிப்பைக் குறித்து வையுங்கள்.

4. இனி எழுதலாம். பேண்ட் குறைந்தால் கெயின் கூடும்: 10% என்றால் கெயின் 10, 5% என்றால் 20. புதிதாகக் கற்பவர்கள் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். 8.0% வேண்டுமென்றால், ஒரு தசம இடம் உள்ள கன்ட்ரோலருக்கு 80 அனுப்ப வேண்டும். அது ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 50.

01 06 00 05 00 50

அதே வரி அப்படியே திரும்பி வந்தால் ஏற்றுக்கொண்டது.

5. சூடு ஆடினால் பேண்டை அகலமாக்குங்கள். 67 டிகிரியிலேயே நின்றுவிட்டால் இன்டெக்ரல் நேரத்தை (மிச்ச வித்தியாசத்தைப் போக்கும் அமைப்பு) குறையுங்கள். டெரிவேட்டிவ் (சூடு மாறும் வேகத்தைப் பார்த்துத் திருத்துவது) இப்போதைக்கு 0. ஒரு சமயத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

எழுதும் கட்டளையை லூப்பில் ஓட விடாதீர்கள், ஈஈப்ராமின் (கரண்ட் போனாலும் மதிப்பை வைத்திருக்கும் நினைவகம்) ஆயுள் குறையும். அப்புறம், கரண்டை ஒருமுறை நிறுத்திப் போட்டு மறுபடி 03 அனுப்புங்கள். பழைய எண்ணே வந்தால் உங்கள் மாடலுக்குத் தனி சேமிப்புக் கட்டளை உண்டா என்று மேனுவலில் தேட வேண்டும்.