படித்தது நினைவில் நிற்கிறதா என்று அறியும் வழி

ஒரு பாடத்தை இரண்டாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிவிடுவதால், எல்லாம் புரிந்துவிட்டது என்ற உணர்வு எளிதில் வந்துவிடுகிறது. அதை நம்பிப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்து, பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை மட்டும் மீண்டும் படியுங்கள். ரோடிகர், கார்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முன்னிலை பெற்றார்கள். பாடத்தைப் படித்த உடனே இந்தப் பயிற்சியைச் செய்யாமல் மறுநாள் செய்வது இன்னும் நல்லது. உண்மையில் எது தங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். எழுத வராமல் திணறும் இடங்களே, என் கருத்தில், மிகவும் பயனுள்ளவை. அடுத்த முறை படிப்பை அங்கிருந்தே தொடங்குங்கள்.