இசைத்தட்டு கழுவும் மெஷின்: வாங்கும்போது சறுக்குகிற இடங்கள்

புதிதாக மெஷின் தேடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எது நல்லா தேய்க்கும்?" கேள்வியே இடம் மாறிப்போன கேள்வி. நல்ல பிரஷ்ஷும் சரியான திரவமும் இருந்தால் அழுக்கு ஊறி வந்துவிடும். அந்த அழுக்குத் தண்ணீரைத் தட்டிலிருந்து எப்படி வெளியேற்றுவது என்பதில்தான் மெஷினுக்கு மெஷின் வித்தியாசம். ஊசி ஓடும் பள்ளத்திலேயே காயவிட்டால், மேலே கிடந்த தூசி அடியில் போய்ப் படிந்துகொள்ளும். கழுவிய பிறகு சடசடப்பு கூடிவிட்டது என்று புலம்பும் பலருக்கு நடப்பது இதுதான்.

12 அங்குலத்தை மட்டும் மனதில் வைத்து வாங்குவது

எரிச்சலூட்டும் தவறு இது. அழுக்குத் தண்ணீரைக் காற்றோடு இழுத்தெடுக்கும் உறிஞ்சும் மெஷினில் ஒரு குழாய்க் கை இருக்கும். அதன் அடியில் நீளமான பிளவு, இருபுறமும் வெல்வெட் பட்டை. எல்.பி. எனும் 12 அங்குலத் தட்டுக்கான கையில் அந்தப் பிளவு, லேபிள் ஓரத்திலிருந்து தட்டின் விளிம்பு வரை, ஏறக்குறைய 10 செ.மீ. இருக்கும்.

நம் வீட்டுப் பரணில் இருப்பதோ வேறு. தாத்தா காலத்து 78 (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு) பெரும்பாலும் 10 அங்குலம். சினிமாப் பாட்டு இ.பி. 7 அங்குலம். எல்.பி. கையை 10 அங்குலத் தட்டின்மேல் வைத்தால் பிளவில் சுமார் 2.5 செ.மீ. விளிம்புக்கு வெளியே திறந்து கிடக்கும். 7 அங்குலத்தில் 6 செ.மீ.க்கு மேல். காற்று எளிதான வழியில்தானே நுழையும்? மோட்டார் முழு வேகத்தில் அலறும், தட்டோ ஈரமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். மிச்சப் பிளவில் இன்சுலேஷன் டேப் ஒட்டிச் சமாளிக்கிறார்கள். அதன் பசை வெல்வெட்டில் ஏறி, அடுத்த தட்டில் தடம் போடும். சின்னக் கைகளைத் தனியாக வரவழைக்கும்போது தபால் செலவும் சுங்கவரியும் சேர்ந்து வயிறெரியும். மெஷினை ஆர்டர் செய்யும்போதே 10, 7 அங்குலக் கைகள் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த மாடல் வேண்டாம்.

உறிஞ்சும்போது இரண்டு சுற்று போதும். அதற்குமேல் போனால் நிலைமின்சாரம் ஏறி, அறைத் தூசியெல்லாம் தட்டில் வந்து ஒட்டும்.

கூட வரும் திரவத்தை 78-இல் ஊற்றுவது

78 பெரும்பாலும் அரக்கு. தச்சர் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார். மெஷினோடு வரும் திரவத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் உங்கள் தட்டுக்கும் அதே கதிதான்: பளபளப்பு போய் மங்கும், மீட்க வழியில்லை. பாட்டிலில் ஆல்கஹால் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் ஊறவிடாமல், நனைத்துத் தேய்த்த உடனே உறிஞ்சிவிடுங்கள்.

அல்ட்ராசானிக் தொட்டி, அளவு பாராமல்

காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் தண்ணீருக்குள் அழுக்கை உதிர்க்கும் தொட்டி இது. மலிவான 3 லிட்டர் தொட்டி பெரும்பாலும் 24 செ.மீ. நீளந்தான். எல்.பி.யைச் செங்குத்தாக இறக்கி, தண்ணீர் லேபிளுக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டுமானால் நீர்மட்டத்தில் தட்டின் அகலமே 28 செ.மீ. வரும். ஆகவே 30 செ.மீ. நீளமுள்ள 6 லிட்டர் தொட்டியே குறைந்தபட்சம். விளம்பரப் படத்தில் ஐந்தாறு தட்டு தொங்கும், அதை நம்பவேண்டாம். தட்டுக்குத் தட்டு 2.5 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். சூட்டை 35 டிகிரியோடு நிறுத்துங்கள், சூடு அதிகமானால் வினைல் (எல்.பி. செய்யும் பிளாஸ்டிக்) வளையும். தொட்டியில் ஆல்கஹால் கலப்பது ஆபத்து: சூட்டில் எழும் ஆவி தீப்பிடிக்கும். விரிசல் விட்ட 78-ஐ இதில் இறக்கவே கூடாது.

தொட்டியிலிருந்து எடுத்த தட்டிலும் அழுக்குத் தண்ணீர்தான் வழிகிறது. சுத்த நீரில் அலசி உறிஞ்சாவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

சத்தம்

உறிஞ்சும் மெஷின் வாக்குவம் கிளீனர் மாதிரி கத்தும். இரவு பத்து மணிக்குமேல் வேண்டாம்.

ஆர்.ஓ. தண்ணீர்

தட்டை அலச இது போதாது. டிஸ்டில்டு வாட்டர்.

110 வோல்ட் மெஷின்

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் கையில் கொடுத்தனுப்பச் சொல்கிறவர்கள் நம் வீட்டு 230 வோல்ட்டை 110 ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் வாட் கணக்கை மறந்துவிடுகிறார்கள். தட்டைச் சுற்றும் மோட்டாருக்குச் சொற்ப மின்சாரம் போதும். உறிஞ்சும் மோட்டார் சில நூறு வாட் இழுக்கும். பின்பக்கத் தகட்டில் போட்டிருக்கும் வாட்டைப்போல் ஒன்றரை மடங்காவது தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 200 வாட் டப்பாவைச் செருகினால் முதல் தட்டு காய்வதற்குள் கருகல் வாசனை வரும்.